நாலாவது வரிசையில தெரியாத ஓட்டு

உன் மானிட்டர் எங்கிட்ட வந்துருச்சுடி.

நாம வேலை பார்த்த ஆபீஸை மூடிட்டாங்க. பழைய கம்ப்யூட்டர் எல்லாத்தையும் வந்த விலைக்குத் தள்ளுறாங்கன்னு கேள்விப்பட்டு, ஒத்தக்கடையில நான் வச்சிருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு ஒண்ணு வேணும்னு சொல்லிக்கிட்டுப் போனேன். பொய்தான். கடையில ஏற்கெனவே ரெண்டு இருக்கு. தரையில வரிசையா வச்சிருந்தாங்க. எல்லாம் ஒரே டப்பா மானிட்டர், ஒரே அழுக்கு. குனிஞ்சு ஒவ்வொண்ணா ஓரத்தைத் தடவிக்கிட்டே போனேன். விக்கிற ஆளு, "என்னம்மா, மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற மாதிரி பார்க்கிற"ன்னான். ஏழாவதோ எட்டாவதோ, வலது ஓரத்துல விரல் தட்டுச்சு. அரக்கு கலர் ஸ்டிக்கர் பொட்டு. மேல தூசி படிஞ்சு கருத்துப் போயிருக்கு. ஆனா விடலை, ஒட்டிக்கிட்டே இருக்கு.

டீ குடிக்க எந்திரிக்கும்போதெல்லாம் நெத்திப் பொட்டைப் பிச்சு, டைப் தட்டிக்கிட்டிருந்த வரிசைக்கு நேரா மானிட்டர் ஓரத்துல ஒட்டிட்டுப் போவ. திரும்பி வந்து அதை எடுத்து நெத்தியில வச்சுக்கிட்டு, விட்ட வரிசையில இருந்து ஆரம்பிப்ப. கீழ மண்டபத்துல மேளம் அடிக்கிறப்ப நான் சொல்லுவேன், "ஏண்டி, உன் கம்ப்யூட்டர் பொட்டு வச்சுக்கிட்டு ரெடியா உக்காந்திருக்கு, கீழ கொண்டு போய் மணையில உக்கார வச்சுருவோமா?" நீ சொல்லுவ, "மாப்பிள்ளை வீட்ல ஸ்கோர் கேப்பாகடி."

நம்ம ஆபீஸ் அப்படித்தான். தெப்பக்குளத்துக்கிட்ட, கல்யாண மண்டபத்துக்கு மேல் மாடி. காலையில ஏழு மணி ஷிப்ட். முகூர்த்த நாள்னா சாம்பார் வாசனை படியேறி வந்து கீபோர்டு மேல உக்காந்துக்கும். ஜன்னல் வழியா பார்த்தா குளத்துல தண்ணி இருக்காது, பசங்க உள்ள இறங்கி கிரிக்கெட் ஆடிக்கிட்டிருப்பாங்க.

நான் இஞ்சினியரிங் ரெண்டாவது வருசத்துல ஓடி வந்தவ. ஒரு நாள் காலேஜ் ஸ்டாப்புல இறங்க மனசில்லாம அதே பஸ்ல மேலூர் வரைக்கும் போயி, ஒரு பன்னு வாங்கித் தின்னுட்டுத் திரும்பி வந்தேன். அதுக்கப்புறம் போகவே இல்லை. அம்மா ஒரு மாசம் எங்க சௌராஷ்டிர பாஷையில திட்டுச்சு. பத்தலைன்னு தமிழ்லயும் திட்டுச்சு. நீ திருமங்கலம் தாண்டி ஒரு ஊர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றவ. கரஸ்ல பி.காம். உங்க தெருவுல டிகிரிக்குப் பணம் கட்டின முதல் பொம்பளைப்பிள்ளை. லேட்டா வந்துருவோமோன்னு பயந்து முன்னாடியே வந்து, ஆபீஸ் திறக்கிற வரைக்கும் மாடிப்படியில உக்காந்திருப்ப. நான் கதவை மூடுற நேரத்துக்கு ஓடி வருவேன். உன் பக்கத்து சீட்டு எனக்கு. பிரபு அண்ணே, நம்ம லீடர், முதல் நாளே சொன்னாரு: "நீங்க ரெண்டு பேரும் ஒரு ஜோடி."

நாம தட்டுனது என்னன்னு எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் புரியலை. அமெரிக்காவுல பெரிய பெரிய ஃபண்டு கம்பெனி. ஊர்ப்பட்ட ஜனங்க காசை வாங்கி ஷேர்ல போட்டு வச்சிருப்பாங்க. ஷேர் வச்சிருந்தா அந்தந்தக் கம்பெனியோட வருசக் கூட்டத்துல ஓட்டு உண்டு. இந்த ஆளை டைரக்டராப் போடலாமா, அந்த ஆளுக்குச் சம்பளத்தை ஏத்தலாமா, எல்லாத்துக்கும் ஓட்டு. ஃபண்டு கம்பெனி சம்மதம்னா ஃபார்னு போடும், வேண்டாம்னா அகெய்ன்ஸ்ட்னு போடும். எப்படிப் போட்டோம்னு வருசா வருசம் வெளிய சொல்லியாகணும். சொல்லுவாங்க, ஒருத்தரும் படிக்க முடியாத மாதிரி. பொடி எழுத்து, கோணலா ஸ்கேன் பண்ணின பக்கம், மை பூசின மாதிரி கருத்த ஓரம். அதையெல்லாம் ஒரே இடத்துல சேர்த்து, ஆராய்ச்சி பண்றவங்க தேடிப் பார்க்கிற மாதிரி டேட்டாபேஸ் ஆக்கணும்னு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஆசைப்பட்டுச்சு. அந்த ஆசை எங்கெங்கயோ சுத்தி தெப்பக்குளத்துல வந்து இறங்குச்சு.

ஒரே பக்கத்தை ரெண்டு பேரு தனித்தனியா தட்டணும். நான் முதல் கை, நீ ரெண்டாவது கை. மெஷின் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒண்ணா இருந்தா உள்ள போயிரும், அதுக்கப்புறம் மனுசக் கண்ணு படாது. வேறயா இருந்தாத்தான் பிரபு அண்ணே பக்கத்தைத் திறந்து பார்த்து, தப்புப் பண்ணினவ பேருக்கு நேரா ஒரு குத்து வைப்பாரு. குத்து சேரச் சேர ஸ்கோர் இறங்கும். வாரா வாரம் ஸ்கோர் எழுதுற போர்டுல ஒரு சிவப்புக் கோடு. அதுக்குக் கீழ போனவளுக்குக் கையில வார்னிங் லெட்டர், அந்த மாசம் லீவு கிடையாது.

ஓட்டு, கை, லிஸ்ட்டுன்னு இருக்கவும் உனக்கு ஒரே சிரிப்பு. "எங்க தாத்தா செத்த பெறகு ரெண்டு எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட்டாருடி. உசுரோட இருக்கிறப்ப ஒரு தடவை கூடப் போகாத மனுசன். செத்த பெறகுதான் பொறுப்பு வந்துச்சு." நான் டீயைத் துப்பிட்டேன். பிரபு அண்ணே, "கீபோர்டுல படாம துப்புங்கம்மா"ன்னாரு.

தெரியாத பக்கத்துக்கு ஒரு ரூல் இருந்துச்சு. வெளிநாட்டுக்காரன் அனுப்பின பேப்பர்ல முதல் பக்கத்துலயே இருந்துச்சு. எழுத்து தெரியலைன்னா ஊகிக்காதே, ரெண்டு எக்ஸ் போடு. நாம அதை டபுள் எக்ஸ்னு சொல்லுவோம். ஆரம்பத்துல ரெண்டு பேரும் ரூலைப் பார்க்கலை. தலையைச் சாய்ச்சு, "நீ என்ன போட்ட?"ன்னு நான் கேப்பேன். "ஃபாரா இருக்கும்"னு நீ சொல்லுவ. ரெண்டு பேரும் ஃபார் போடுவோம். ஒத்துப் போயிரும். உள்ள போயிரும். பெரும்பாலும் ஃபாராத்தானே இருக்கும், கூட்டத்துல எவன் எந்திரிச்சு வேண்டாம்னு சொல்றான்.

ஒரு நாள் நீ அதை நிறுத்திட்ட. நான் கேட்டதுக்கு, "நீ போடுறதை நீ போடு, நான் போடுறதை நான் போடுறேன்"ன்ன. எனக்குச் சுருக்குன்னுச்சு. சாப்பாட்டு நேரத்துல மாடிப்படியில வச்சுக் கேட்டேன்.

"என்னடி கிறுக்கு உனக்கு? எவனோ வெள்ளைக்காரன் ஓட்டு. ஃபாரா இருந்தா என்ன, அகெய்ன்ஸ்டா இருந்தா என்ன?"

நீ டிபன் பாக்ஸை மூடி மடியில வச்சுக்கிட்டுச் சொன்ன.

"எங்க ஊர்ல பால் சொசைட்டிக் கட்டடத்தை மேலத்தெருப் பக்கம் மாத்திக் கட்டலாமான்னு ஒரு கூட்டம் போட்டாக. எங்கப்பா வாசல்ல நின்னுச்சு. உள்ள உக்கார எடம் இருந்துச்சு. உக்காரலை. அது அப்படித்தான். கையைத் தூக்கச் சொன்னப்ப தூக்கலை. வேணாம்னும் சொல்லலை. சும்மா நின்னுச்சு. நான் அப்ப ஏழாவது. பெறகு ஒரு நாள் அந்தக் கூட்டத்துத் தீர்மான நோட்டை அதுக்கு வாசிச்சுக் காட்டுனேன். எல்லாரும் சம்மதம்னு எழுதி, அதுல அப்பா பேரும் இருக்கு. அப்பா எங்கிட்ட கேக்குது, நான் எப்ப தாயி சம்மதிச்சேன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கட்டடம் கட்டியாச்சு. பால் கேனைத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடக்குது."

எனக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்சும் மதியம் உள்ள போய் ஃபார் தட்டினேன். ஏன்னு உங்கிட்ட மறைக்கிறதுக்கு இப்ப ஒண்ணும் இல்லை. ஸ்பீடு லிஸ்ட்டுல வாரா வாரம் என் பேரு முதல்ல இருந்துச்சு. காலேஜ் போர்டுல என் பேரு அரியர் லிஸ்ட்டுல மட்டும்தான் வந்திருக்கு. ஒரு பலகையில மேல இருந்து படிச்சா என் பேரு வர்றது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. தெரியாத இடத்துல எல்லாம் நின்னு உத்துப் பார்த்தா ஸ்பீடு போயிரும். அம்புட்டுதான் காரணம். வேற பெரிய காரணம் இருந்தா நல்லா இருந்திருக்கும்.

அதுக்கப்புறம் நான் ஃபார், நீ டபுள் எக்ஸ். நான் ஃபார், நீ டபுள் எக்ஸ். மெஷின் ஒவ்வொண்ணாத் தூக்கி பிரபு அண்ணே முன்னாடி போட்டுச்சு. அவருக்கும் மேல இருந்து நெருக்கடி, டபுள் எக்ஸ் கூடிக்கிட்டே போகுதுன்னு. ஒரு நாள் ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. ஸ்க்ரீன்ல ஒரு பக்கம். நாலாவது வரிசை. ஓட்டு இருக்க வேண்டிய கட்டத்துல சாம்பல் கலர்ல ஒரு தீத்தல், ஈர விரல் பட்ட மாதிரி.

"யம்மா, இது என்ன?"

"தெரியலைண்ணே"ன்ன நீ.

"நீ சொல்லு."

"ஃபார்ண்ணே. தெளிவாத் தெரியுது."

அவரு மூக்கு ஸ்க்ரீன்ல படுற அளவுக்குக் குனிஞ்சாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்காது. "ஒருத்திக்குத் தெரியுது, ஒருத்திக்குத் தெரியலை. அப்ப தெரிஞ்சவதான் சரி"ன்னாரு. உன்னைப் பார்த்து, "கண்ணாடி போடும்மா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்டி.

நீ என்னைப் பார்த்த. கோவமாப் பார்க்கலை. பொடி எழுத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிப் பார்த்த.

தெரியாததை எல்லாம் தெரியும்னு சொன்ன நான் சரியாயிட்டேன். தெரியலைன்னு சொன்னவளுக்குக் குத்து. அன்னைக்கு ஒரு நாள் இல்லை, அந்த வாரம் பூரா அப்படித்தான். வெள்ளிக்கிழமை போர்டுல உன் பேரு சிவப்புக் கோட்டுக்குக் கீழ போயிருச்சு. வார்னிங் லெட்டரை நாலா மடிச்சு டிபன் பாக்ஸ் பையில வச்ச. "ஒரு தடவை ஃபார்னு போட்டுத் தொலையேண்டி, ஸ்கோர் ஏறிரும்"னு சொன்னேன். "நீ ஒரு தடவை தெரியலைன்னு சொல்லேன், எனக்கு ஏறிரும்"ன்ன.

அடுத்த வாரம் புதன்கிழமை உனக்குக் காய்ச்சல். கண்ணு செவந்து வந்த. லீவு கேட்ட. "ஸ்கோர் ஏறட்டும்மா, அடுத்த மாசம் எடுத்துக்க"ன்னாரு பிரபு அண்ணே. அவரு கெட்டவர் இல்லை. சாதாரணக் காய்ச்சல்னு நெனைச்சாரு. நான் அதைக் கூட நெனைக்கலை. ஏசிக்குத் துண்டைப் போத்திக்கிட்டு நீ உக்காந்திருந்ததைப் பார்த்து, "ஊட்டிக்கு வந்த மாதிரி நடிக்கிறா பாரு"ன்னேன். நீ சிரிச்ச. வியாழக்கிழமையும் வந்த. வரலைன்னா வேலை போயிரும்னு யாரோ சொல்லியிருந்தாங்க. மூட்டு மூட்டா வலிக்குதுன்ன. நான் ஒரு மாத்திரை வாங்கிக் குடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் உன்னால முடியலை. நாலாவது வரிசை தட்டிக்கிட்டிருந்தப்ப எந்திரிச்ச. பழக்கத்துல பொட்டைப் பிச்சு ஓரத்துல ஒட்டிட்டு பாத்ரூம் போன. திரும்பி வந்து சீட்டுல உக்காராம பையை எடுத்துக்கிட்டு, "நான் போறேண்டி"ன்ன. நான் உன்கூட பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். தெப்பக்குளத்துச் சுவர்ல சாஞ்சுக்கிட்டு நின்ன. நெத்தி வெறுமையா இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சுச்சு பொட்டை விட்டுட்டு வந்துட்டன்னு. திங்கக்கிழமை வந்து எடுத்துக்குவன்னு நெனைச்சு, சொல்லலை.

நீதான் பேசுன. "ஏய். இப்பவாச்சும் சொல்லு. அந்தப் பக்கத்துல உனக்கு நெசமாவே தெரிஞ்சுச்சா?"

பெரியார் பஸ் ஸ்டாண்டு போற வண்டி வந்துச்சு.

"பஸ் வந்துருச்சு, ஏறு"ன்னேன்.

ஏறிட்ட. ஜன்னல் வழியா கையை அசைச்ச. நானும் அசைச்சேன். நான் உங்கிட்ட கடைசியாச் சொன்னது அதுதான்டி. ஒரு கேள்விக்குப் பதில் கூட இல்லை. பஸ் வந்துருச்சுன்னு தகவல்.

செவ்வாக்கிழமை காலையில பிரபு அண்ணே போனுக்கு, நீ போயிட்டன்னு சேதி வந்துச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரியே பெரியாஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. டெங்குன்னு சொல்லியிருக்காங்க. ரத்தத்துல என்னமோ இறங்கிக்கிட்டே போச்சாம். இன்னும் ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கணும்னாங்களாம். பிரபு அண்ணே போனை வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போனவரு ரொம்ப நேரம் கீழ வரலை. கீழ மண்டபத்துல அன்னைக்கு வளைகாப்பு. வளையல் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

ரெண்டு நாள். புதன், வியாழன். நான் எண்ணிப் பார்க்கிறது வேற எதையும் இல்லை.

உங்க ஊருக்கு வந்தோம். உங்க அப்பா எங்கிட்ட வந்து, "நீதான் ரெண்டாவது ஆளா தாயி?"ன்னு கேட்டாரு. நீ வீட்ல சொல்லியிருக்க, ரெண்டு பேரு ஒண்ணு போலச் சொன்னாத்தான் அந்த ஓட்டு செல்லும்னு. "நான் ஒண்ணாவது ஆளுப்பா"ன்னேன். கிறுக்குத்தனமான பதில். அவரு சட்டைப் பையில இருந்து நாலா மடிச்ச பேப்பரை எடுத்தாரு. "எம்புள்ள தப்புத் தப்பாத் தட்டுதுன்னு குடுத்தாகளாமே. ராத்திரி பகலா அதையே சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. அப்படியா தாயி? தப்பாவா தட்டுச்சு?"

சுத்தி ஆளுங்க நின்னாங்க. பிரபு அண்ணே பக்கத்துல நின்னாரு. வாயைத் திறந்தேன். ஒண்ணும் வரலை. அவரு பேப்பரை அதே மடிப்புல மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டாரு.

நீ போயி பத்து நாள்கூட ஆகலை. பிரபு அண்ணே தயங்கித் தயங்கி வந்தாரு. "புது ஆள் இன்னும் கிடைக்கலைம்மா. ரெண்டு ஐடி இல்லாம மெஷின் உள்ள விடாது. அவ ஐடியை இன்னும் எடுக்கலை. ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு கையும் நீயே தட்டிரு." நான் சரின்னேன். எனக்கு எதுக்கும் சரின்னு சொல்ற நேரம் அது. காலையில என் சீட்டுல நானாத் தட்டினேன். மத்தியானம் உன் சீட்டுல உக்காந்து, உன் பாஸ்வேர்டைப் போட்டு, நீயாத் தட்டினேன். அதே பக்கம், அதே வரிசை, அதே விரல். எல்லாம் ஒத்துப் போச்சு. ஒரு குத்து கூட இல்லை. உங்க தாத்தா ஓட்டுப் போட்ட கதையை நெனைச்சேன். சிரிப்பு வரும்னு நெனைச்சேன்.

வெள்ளிக்கிழமை போர்டு எழுதினாங்க. முதல்ல என் பேரு. ரெண்டாவது உன் பேரு. மெஷின் குடுத்த லிஸ்ட்டைப் பார்த்து அப்படியே எழுதியிருக்காங்க, யாருன்னு யோசிக்காம.

உன் ஸ்கோர் கோட்டுக்கு மேல ஏறிருச்சுடி. இனிமே நீ லீவு எடுத்துக்கலாம்.

அந்தப் போர்டு முன்னாடிதான் நான் முதல் தடவையா அழுதேன். ஊர்ல வரலை, அங்க வந்துச்சு.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் உன் சீட்டுல உக்காந்தேன். கண்ணுக்கு நேரா ஓரத்துல உன் பொட்டு. அதுக்கு நேரா இருந்த வரிசையில ஓட்டுக் கட்டம் கருப்படிச்சுக் கெடந்துச்சு. காலையில நானா இருந்தப்ப அதுக்கு ஃபார் போட்டிருந்தேன். இப்ப நீயா இருக்கேன். விரல் போகலை. டபுள் எக்ஸ் போட்டேன். அடுத்த பக்கத்துலயும் போட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும், நீ இருந்தா எப்படி உக்காந்து பார்ப்பியோ அப்படிப் பார்த்து, தெரிஞ்சதுக்குத் தெரிஞ்சதையும் தெரியாததுக்கு டபுள் எக்ஸையும் போட்டேன். என் வாழ்க்கையில அம்புட்டு மெதுவா எதையும் செஞ்சதில்லை.

திங்கக்கிழமை பிரபு அண்ணே கூப்பிட்டாரு. ஸ்க்ரீன்ல ரெண்டு பத்தி, உன் ஐடி, என் ஐடி, வரிசையாச் சண்டை.

"ரெண்டும் நீதானம்மா தட்டுன? எப்படி வேற வேறயா வரும்?"

"அவ தட்டினா எப்படி வருமோ அப்படித் தட்டினேண்ணே."

அவரு ஸ்க்ரீன்ல ரெண்டு பத்தியையும் மாறி மாறிப் பார்த்தாரு.

"எனக்குத் தெரியலைண்ணே. அந்த நாலாவது வரிசையில அன்னைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியலை. பொய் சொன்னேன். இதுவரைக்கும் தெரியாத கட்டம் எல்லாத்துக்கும் ஃபார் போட்டிருக்கேன். அவதான் சரி."

"எத்தனை இருக்கும்?"

"எண்ணலைண்ணே."

அவரு கதவைச் சாத்திட்டு வந்து உக்காந்தாரு. என்னைத் திட்டுவாருன்னு நெனைச்சேன். "நானும் பார்த்தேன்லம்மா அந்தப் பக்கத்தை"ன்னாரு. அப்புறம் வெளிநாட்டுக்காரனுக்கு மெயில் எழுதினாரு. எழுதாமலே விட்டிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. அது ஒண்ணுக்காக அவரு மேல எனக்கு மரியாதை இன்னும் இருக்கு.

சரி பண்ணிருவாங்கன்னு நெனைச்சேன். எல்லாத்தையும் திரும்பத் தட்டச் சொல்லுவாங்க, நான் சம்பளம் இல்லாமகூட உக்காந்து தட்டிருவேன்னு மனசுல கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். பதில் வந்துச்சு. நல்ல மரியாதையான பதில். திரும்பத் தட்ட வாய்ப்பில்லையாம். எந்த ஃபார் நெசமான ஃபார், எந்த ஃபார் நான் போட்ட ஃபார்னு இப்பப் பிரிக்க முடியாது, ரெண்டும் உள்ள போனப்புறம் ஒரே மாதிரிதானே இருக்கும். அதனால டேட்டாபேஸோட குறிப்புப் புத்தகத்துல ஒரு வரி சேர்த்தாங்க. பிரபு அண்ணே பிரிண்ட் எடுத்துக் குடுத்து அர்த்தம் சொன்னாரு: இந்தக் காலத்துல சேர்த்த பதிவுகள்ல, படிக்க முடியாத சில ஓட்டுகள் ஆதரவுன்னு ஏறியிருக்கலாம், எவை எவைன்னு சொல்ல முடியாது, பார்த்துப் பயன்படுத்தவும்.

அம்புட்டுதான். அந்த வரியில என் பேரு இல்லை. உன் பேரும் இல்லை. எங்கயோ ஒருத்தர் உக்காந்து அந்த வரியைப் படிச்சுட்டு, சரின்னு அடுத்த பக்கத்தைத் திருப்புவாரு.

அன்னைக்கே வேலையை விட்டுட்டேன். பிரிண்ட்டை எடுத்துக்கிட்டு உங்க ஊருக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலப் பால் நேரம். உங்கப்பா மாட்டைக் கறந்துட்டுக் கேனை மூடிக்கிட்டிருந்தாரு. நின்னுக்கிட்டே சொன்னேன், ஒண்ணு விடாம. அந்த வாரம், அந்தப் பக்கம், நான் சொன்னது, அவங்க சிரிச்சது, பஸ் ஸ்டாப்பு. பிரிண்ட்டைக் குடுத்தேன். அவருக்குப் படிக்க வராதுன்னு அப்பத்தான் உறைச்சுச்சு. அர்த்தம் சொன்னேன்.

"அப்ப எம்புள்ள தட்டுனது தப்பில்லை."

"தப்பில்லைப்பா. அவ போட்டதுதான் சரி."

அவரு கேன் மூடியை இன்னொரு தடவை அழுத்துனாரு. "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல தாயி"ன்னாரு.

சத்தம் போடலை. வீட்டை விட்டுப் போன்னும் சொல்லலை. உக்காருன்னும் சொல்லலை. கேனைத் தூக்கிக்கிட்டு மேலத்தெருப் பக்கம் நடந்தாரு. அம்புட்டுத் தூரம். நான் பார்த்துக்கிட்டே நின்னேன், ஆளு சின்னதாகிச் சின்னதாகி மறையிற வரைக்கும். அந்தப் பிரிண்ட்டை அவரு வார்னிங் லெட்டர் இருக்கிற அதே பையில வச்சிருந்தாரு.

இப்ப ஜெராக்ஸ் கடைக்கு ஜனங்க ஃபாரம் நிரப்ப வாராங்க. பொறந்த தேதி தெரியாது, ஒண்ணாந்தேதின்னு போட்டுரும்மான்னு சொல்லுவாங்க. நான் போட மாட்டேன். சண்டைக்கு வாராங்க. போன வாரம் ஒரு அண்ணே, "ஒரு கட்டத்துக்கு இம்புட்டு வீம்பா? பக்கத்துக் கடையில கேட்டதைப் போட்டுக் குடுக்கிறாங்க"ன்னு ஃபாரத்தைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டாரு. போகட்டும். யாவாரம் கெடுதுன்னு அம்மா திட்டுது, ரெண்டு பாஷையிலயும்.

மானிட்டரைக் கடையில கல்லாப் பக்கத்துல வச்சிருக்கேன். தொடைச்சேன், அந்த ஓரத்தை மட்டும் விட்டுட்டு. ஸ்விட்ச் போட்டா இன்னும் ஓடுது. நேத்து கடையில ஆள் இல்லாத நேரம் அதுக்கு முன்னாடி உக்காந்திருந்தேன். வெத்து ஸ்க்ரீன். நாலாவது வரிசைக்கு நேரா உன் பொட்டு.

உங்கப்பா என்னை மன்னிச்சாரான்னு எனக்குத் தெரியாது. அவரு கையைத் தூக்கலை. வேணாம்னும் சொல்லலை. நீ மன்னிச்சியான்னு கேக்குறதுக்கு ஆள் இல்லை. பஸ் ஜன்னல்ல நீ கையசைச்சியே, அதை வச்சு, அப்ப மன்னிச்சிருப்பன்னு போட்டுக்கலாம். பழைய ஆளா இருந்தா போட்டிருப்பேன். மேல ஃபார், கீழ ஃபார், நடுவுல தெரியாம இருந்தா அதுவும் ஃபாராத்தான் இருக்கும்னு தட்டிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன்.

அன்னைக்கு நீ கேட்டதுக்குப் பதில் இதுதான். எனக்குத் தெரியலைடி. அந்தக் கட்டத்துலயும் தெரியலை, இந்தக் கட்டத்துலயும் தெரியலை. எம்புட்டு நேரம் உத்துப் பார்த்தாலும் தெரியலை. ரெண்டு எக்ஸ் போட்டு அப்படியே வச்சிருக்கேன்.